மாதாமாதம் நாமே போட்டுக்கொள்ளும் பிடித்தம்

தோட்டக் காரியாலயத்தில் சம்பளச் சீட்டுத் தயாரிப்பது என் வேலை. சீட்டைக் கையில் வாங்கும் தொழிலாளி முதலில் பார்ப்பது மொத்தத் தொகையை அல்ல, பிடித்தத்தைத்தான். சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு, முன்பணத்துக்கு எவ்வளவு என்று விரல் வைத்துப் பார்ப்பார். ஒரு வெள்ளி கூடப் போயிருந்தாலும், "கிராணி ஐயா, இது என்ன கணக்கு?" என்று கேட்டுவிடுவார். கேட்க வேண்டியதுதான். அவ்வாறு கேட்கும் துணிவை நமக்குக் கொடுத்தது சங்கம். சட்டம் அனுமதித்த பிடித்தம் தவிர வேறெதற்கும் தொழிலாளியின் கூலியில் முதலாளி கை வைக்கக் கூடாது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் சொல்கிறது.

ஆனால் சம்பளச் சீட்டில் வராத பிடித்தம் ஒன்று நம் வீடுகளில் நடக்கிறது. அதை எந்த முதலாளியும் பிடிக்கவில்லை. நாமே கையெழுத்திட்டு, நாமே கட்டி வருகிறோம். அதை மட்டும் யாரும் விரல் வைத்துப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சிக்கு நாம் கட்டும் மாதச் சந்தாவைத்தான் சொல்கிறேன்.

"கிராணியார் நம் வீட்டுத் தொலைக்காட்சியிலும் கணக்குப் பார்க்க வந்துவிட்டாரா?" என்று தோழர்கள் கோபிக்க வேண்டாம். விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, கொசுக்கடியில் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஒரு தாய், மாலையில் ஒரு மணி நேரம் கால் நீட்டி உட்கார்ந்து நாடகம் பார்ப்பதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. உழைப்பவனுக்கு ஓய்வும் உரிமை, பொழுதுபோக்கும் உரிமை. பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. பார்க்காததற்குப் பணம் கொடுப்பதையே குறை சொல்கிறேன்.

பழைய கதை

இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். அந்தக் காலத்தில் பெட்டி வாங்குவதுதான் பெருஞ்செலவு. ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலமும் உண்டு. அதைக் கட்டிவிட்டால் கூரை மேல் ஏரியலை நிறுத்தி, கிடைப்பதைப் பார்க்கலாம்.

1996ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரோ வந்தது. கூரையில் தட்டு ஏறியது. ஒரு நாளில் ஓரிரு மணி நேரம் மட்டுமே தமிழ் கேட்டுக்கொண்டிருந்த தொலைக்காட்சியில், இரவு பகலாகத் தமிழ் பேசும் அலைவரிசைகள் வந்தன. அது நம் மக்களுக்கு எத்தனை மகிழ்ச்சியைத் தந்தது என்பதை அப்போது சிறுவனாயிருந்த நான் கண்ணால் கண்டவன். அதை மறுக்க மாட்டேன். எனினும் அன்றுமுதல் ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. ஆண்டுக்கு ஒரு முறை என்றிருந்த செலவு மாதத்துக்கு ஒரு முறை என்றாயிற்று. பிறகு கைப்பேசி வந்தது. படத்துக்கு ஒரு சந்தா, பாட்டுக்கு ஒரு சந்தா, பந்துக்கு ஒரு சந்தா என்று அது கிளை விட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் வெளிநாட்டு இணையச் சந்தாக்களுக்கும் சேவை வரி வந்தது. 6 விழுக்காடாயிருந்த அவ்வரி 2024ஆம் ஆண்டு மார்ச் முதல் 8 விழுக்காடாயிற்று. கட்டணத் தொலைக்காட்சிக்கும் அதே கதைதான்.

மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு இல்லை. ஆனால் மழை என்று எந்தப் பில்லும் நிற்பதில்லை.

என் வீட்டுக் கணக்கு

பிறர் வீட்டைச் சொல்லுமுன் என் வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பள நாளன்று, சந்தா நிறுவனம் ஒன்றின் முகவர் லயத்துக்கு வந்தார். சம்பள நாளை அவர்கள் நன்கு அறிவார்கள். முதல் சில மாதங்களுக்குக் குறைந்த விலை என்றார். நானும் கையெழுத்திட்டேன். தோட்டத்தார் அனைவருடைய கணக்கையும் சரிபார்க்கும் நான், என் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. சலுகை முடிந்து முழு விலை வந்ததும் தெரியவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தது. சென்ற ஆண்டு பில்லை எடுத்து உட்கார்ந்து பார்த்தபோது கண்டது இது:

அடிப்படை அலைவரிசைகளும் தமிழ்த் தொகுப்பும் 58 வெள்ளி. விளையாட்டுத் தொகுப்பு 30 வெள்ளி. ஆங்கிலப் படத் தொகுப்பு 20 வெள்ளி. தம்பியின் அறையில் இருக்கும் இரண்டாவது பெட்டிக்கு 12 வெள்ளி. ஆக 120 வெள்ளி; வரி 9 வெள்ளி 60 காசு. இது போதாதென்று கைப்பேசியில் தம்பி போட்டிருந்த படச் சந்தா, வரியுடன் 20 வெள்ளி. எல்லாம் கூட்டினால் மாதம் 149 வெள்ளி 60 காசு. ஆண்டுக்கு 1,795 வெள்ளி 20 காசு.

வெள்ளிக் கணக்கு மனத்தில் தைக்காது. நமக்கு நாள் கணக்குத்தான் தைக்கும். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு வரும். அந்தக் கூலியில் என் வீட்டுச் சந்தா மாதத்துக்கு இரண்டே கால் நாள் உழைப்பு. ஆண்டுக்கு 27 நாளுக்கும் மேல். அதாவது, ஆண்டில் ஒரு முழு மாதம் ஒரு தொழிலாளி தொலைக்காட்சிக்காகவே மரம் வெட்டுகிறார்!

இன்னொன்றும் பாருங்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. அது பிடிக்கப்படும்போது நாம் முணுமுணுக்கிறோம். அந்தப் பணமோ முதலாளியின் பங்கையும் சேர்த்துக்கொண்டு, இலாப ஈவோடு முதுமையில் நம்மிடமே திரும்பி வருகிறது. என் வீட்டிலிருந்து போன 149 வெள்ளி 60 காசு எங்கும் சேரவில்லை; எவருக்கும் திரும்பவில்லை. அதற்கு ஒரு முணுமுணுப்பும் இல்லை.

நான் செய்த தவறு

கணக்கைப் பார்த்த கோபத்தில் அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். ஒப்பந்தக் காலம் முடிந்திருந்ததால் அபராதம் இல்லை. சிக்கன வீரனைப் போல வீட்டில் நிமிர்ந்து நடந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். இப்போது முழங்கால் தேய்ந்து வீட்டோடு இருக்கிறார். அவருடன் நிரை பிடித்தவர்கள் பலர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். சிலர் போயே விட்டார்கள். பக்கத்து லயங்களில் பாதி வீடுகளில் இன்று இருப்பவர்கள் பிற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளிகள். அவர்கள் நல்லவர்கள்; ஆனால் அம்மாவோடு பேச அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

மூன்றாம் நாள் மாலை காரியாலயத்திலிருந்து வரும்போது, நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டு வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் கம்பு. உள்ளே ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "சும்மா நடந்துட்டு வந்தேன்யா" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. வீட்டில் பகலெல்லாம் அவருடன் தமிழில் பேசிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதை நான் யாரையும் கேட்காமல் வெட்டிவிட்டேன். நிர்வாகம் நம்மைக் கேட்காமல் முடிவு செய்தால் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவன் நான். என் வீட்டில் நானே ஒரு நிர்வாகமாக நடந்துகொண்டேன்.

மறுநாளே மீண்டும் இணைத்தேன். ஆனால் இம்முறை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பெட்டியின் பக்கத்தில் வைத்தேன். 14 நாளைக்கு யார் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு கோடு போட வேண்டும். என் மகள் ஆசையோடு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். 14 நாள் கழித்துப் பார்த்தால், தமிழ் அலைவரிசைகளுக்கு நேரே கோடுகள் நிறைந்திருந்தன. ஆங்கிலப் படத்துக்கு ஒரு கோடும் இல்லை. விளையாட்டுக்கு இரண்டு, இரண்டும் நான் போட்டவை. இரண்டாவது பெட்டி இரண்டே மாலை ஓடியது. தம்பியின் கைப்பேசிச் சந்தாவில் ஒரே ஒரு படம்.

ஆகவே 58 வெள்ளித் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டோம். வரியோடு 62 வெள்ளி 64 காசு. கைப்பேசிச் சந்தாவை, பார்க்க வேண்டிய படம் வரும் மாதத்தில் மட்டும் கட்டி, மாத முடிவில் நிறுத்திவிடுவதாகத் தம்பி ஒப்புக்கொண்டான். மாதம் 86 வெள்ளி 96 காசு மிச்சம். ஆண்டுக்கு 1,043 வெள்ளி 52 காசு. நாள் கணக்கில் ஏறக்குறைய 16 நாள் வெட்டு. அம்மாவின் நாடகத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை.

செய்ய வேண்டியவை

தோழர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். நோட்டுப் புத்தகம் ஒன்றே முதலீடு.

முதலாவது, பில்லைக் கூட்டுத் தொகையோடு நிறுத்தாமல் வரி வரியாகப் படியுங்கள். படிக்க இயலாதவர் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, நிறுத்துமுன் ஒப்பந்தக் காலம் முடிந்ததா என்று கேளுங்கள். 12 மாதம், 24 மாதம் என்று கட்டுப்பாடு இருந்தால் இடையில் நிறுத்துவதற்கு அபராதம் கேட்பார்கள். முடியும் நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சலுகை விலை முடியும் நாளையும் அப்படியே குறியுங்கள். நிறுத்தச் சொன்னதற்குச் சான்றாக எண்ணோ கடிதமோ வாங்காமல் விடாதீர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய பெட்டியைக் கொடுத்துவிட்டு ரசீது பெறுங்கள். நிறுவனம் செவி சாய்க்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்ய வழி உண்டு.

மூன்றாவது, காசில்லாமல் கிடைப்பதை அறிந்துகொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டில் பழைய அலை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, மைஃபிரீவியூ என்னும் இலக்கமுறை ஒளிபரப்பு அதன் இடத்துக்கு வந்தது. தகுந்த ஏரியலும், ஒரு சிறு பெட்டியும் இருந்தால் போதும். புதிய தொலைக்காட்சிகள் பலவற்றில் அந்தப் பெட்டியும் உள்ளேயே இருக்கிறது. மாதக் கட்டணம் கிடையாது. ஆர்.டி.எம். அலைவரிசைகளும் டிவி3 முதலியவையும் அதில் வரும். டிவி2இல் தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சிகளும் உண்டு. மலை மறைத்து அலை எட்டாத தோட்டங்களில், 2012ஆம் ஆண்டில் வந்த என்ஜோய் போன்ற செயற்கைக்கோள் பெட்டி உதவும். பெட்டியையும் தட்டையும் ஒரு முறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் மாதச் சந்தா இல்லாமலே சில அலைவரிசைகளைப் பார்க்கலாம். மின்னல் பண்பலையோ நாள் முழுதும் தமிழிலேயே ஒலிக்கிறது; வானொலிக்கு எவரும் பில் அனுப்புவதில்லை.

நான்காவது, ஓர் எச்சரிக்கை. "ஒரு முறை வாங்கினால் போதும், உலகத்து அலைவரிசை எல்லாம் வரும்" என்று சொல்லிக் கள்ளப் பெட்டி விற்பவர்கள் லயத்துக்கும் வருகிறார்கள். 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி அத்தகைய கருவிகளை விற்பதும் பரப்புவதும் குற்றம். அபராதம் 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை. சிறைத் தண்டனை 20 ஆண்டு வரை. பத்து வெள்ளி கமிஷனுக்கு ஆசைப்பட்டு நம் இளைஞர்கள் பக்கத்து வீட்டுக்கு இந்தப் பெட்டியை விற்றுக் கொடுப்பதைக் கேள்விப்படுகிறேன். பெற்றோர்களே, தடுத்து நிறுத்துங்கள். விற்றவன் ஓடிவிட்டால் பெட்டியைப் பழுது பார்க்கவும் ஆளில்லை, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் ஆளில்லை.

ஒரு மறுப்புக்கு விடை

இதையெல்லாம் சங்கத் தோழர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சினந்தார். "கூலி போதவில்லை என்று போராட வேண்டிய நேரத்தில் சிக்கனம் பேசுகிறீரே! தொழிலாளி வீண்செலவு செய்வதால்தான் ஏழையாக இருக்கிறான் என்று துரைமார் அந்தக் காலத்தில் பாடிய பாட்டு அல்லவா இது?" என்றார்.

அவர் கோபம் நியாயமானது. தொழிலாளியின் வறுமைக்குக் காரணம் தொலைக்காட்சி அல்ல, கூலிதான். 86 வெள்ளி மிச்சம் பிடிப்பதால் கூலி உயர்வுக் கோரிக்கை ஒரு காசும் குறையக் கூடாது. சிக்கனத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்க எவராவது வந்தால், அவரை எதிர்த்து முதலில் எழுந்து நிற்பவன் நானாக இருப்பேன்.

ஆனால் தோழர்களே, பேச்சுவார்த்தை மேசையில் மல்லுக்கட்டிப் பெற்ற 100 வெள்ளி உயர்வில் 86 வெள்ளி, யாரும் பார்க்காத படத்துக்குப் போகுமானால், நாம் போராடியது யாருக்காக? குடத்தில் நீர் நிறைய வேண்டுமானால் ஊற்றவும் வேண்டும், ஓட்டையை அடைக்கவும் வேண்டும். ஊற்றுவது சங்கத்தின் வேலை. அடைப்பது வீட்டின் வேலை.

மேலும் நமக்கு ஒரு கவலை இருக்கிறது. பட்டணத்துத் தொழிலாளிகள் பலருக்கு அது இல்லை. தோட்டத்து வீடு வேலை உள்ளவரைதான் நம் வீடு. ஓய்வு பெற்ற மறுநாள் அது நிர்வாகத்தின் வீடு. என் வேலை போனால் அம்மாவின் நாடகத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? ஆண்டுக்கு 1,043 வெள்ளியில் வீடு வந்துவிடாது. அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் வீதிக்கு வந்த அந்தக் காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தொழிலாளிகள் கொண்டுவந்ததும் சிறு தொகைகள்தாம். அந்தச் சிறு தொகைகள் சேர்ந்துதான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கின. பிறகு வேறு தோட்டங்களையும் வாங்கின. தனித்தனியே பார்த்தால் அவை ஒரு மூட்டை அரிசிக்கும் காணாத பணம். சேர்த்த இடத்தில் அவை நிலமாயின.

ஆகவே கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஒவ்வொரு கிளையிலும் படித்த இளைஞர் ஒருவரை நியமியுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மண்டபத்திலோ பாலர் பள்ளியிலோ அவர் உட்காரட்டும். பில்லையும் ஒப்பந்தத்தையும் கொண்டுவருகிறவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லட்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சான தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு விழிக்கும் நிலை நம் தாய்மார்களுக்கு வேண்டாம். சம்பள நாளன்று முகவர் வந்தால், "தாளை வைத்துவிட்டுப் போங்கள், கிளையில் காட்டிவிட்டுச் சொல்கிறோம்" என்று சொல்லும் பழக்கம் வரட்டும். வெட்டிய பாலின் எடையைச் சரிபார்க்கக் கற்றுக்கொண்ட நமக்கு, வீட்டுக்கு வரும் பில்லைச் சரிபார்ப்பதா பெரிய வேலை?

என் மகள் இப்போது அந்த நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வேறொரு கணக்கு எழுதுகிறாள். மாதம் 86 வெள்ளி 96 காசு. ஏழு மாதம் எழுதியிருக்கிறாள். அம்மா நாடகம் பார்த்துக்கொண்டே அவ்வப்போது கேட்கிறார்: "எவ்வளவு ஆச்சு ஆத்தா?"

சகோதரர்களே, சகோதரிகளே! வரும் சம்பள நாளன்று சீட்டில் இருக்கும் பிடித்தத்தை வழக்கம்போல என்னிடம் கேளுங்கள். பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன். வீட்டுக்குப் போனதும், சீட்டில் இல்லாத பிடித்தத்தை உங்களையே கேளுங்கள்.

— ஒரு தோட்டக் கிராணி